லட்சத்தீவு இன்னொரு மாலத்தீவு ஆகுமா?

வாசகர் கேள்வி, 3 ஆகஸ்ட் 2025

மாலத்தீவின் மொத்த நிலப்பரப்பு ஏறக்குறைய 300 சதுர கிலோமீட்டர். நம் சென்னை மாவட்டத்தைவிடச் சிறியது. அங்கே 2024இல் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் வந்திருக்கிறார்கள். அதே கடலும் அதே பவளப்பாறையும் அதே வெண்மணலும் லட்சத்தீவிலும் இருக்கின்றன. ‘ஒரு தீவு, ஒரு ரிசார்ட்’ என்ற அவர்களுடைய முறையை அப்படியே எடுத்துக்கொண்டால் நமக்கு என்ன குறை? 2024 ஜனவரியில் ‘மாலத்தீவைப் புறக்கணிப்போம்’ என்று எழுந்த ஆரவாரம் அடங்கி, எல்லோரும் மறுபடியும் அதன் தலைநகர் மாலேக்கே விமானம் ஏறுகிறார்கள். நாம் மட்டும் ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறோம்?

4 ஆகஸ்ட் 2025

பயணிகளை வரவழைப்பது ஒரு வேலை; வந்தவர்கள் செலவழிக்கும் பணத்தை ஊருக்குள் நிற்கவைப்பது வேறொரு வேலை. மாலத்தீவு முதல் வேலையை 1972இல் தொடங்கி, ஊர் உலகம் வியக்கும்படி செய்துவிட்டது. இரண்டாவது வேலையில் இன்றைக்கும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. கேள்வி கேட்டவர் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு ‘அப்படியே எடுத்துக்கொள்ளலாம்’ என்கிறார்.

நான் தூத்துக்குடிக்காரன், மாலத்தீவு ரிசார்ட் ஒன்றில் கொள்முதல் பிரிவிலும் பின்னர் கணக்குப் பிரிவிலும் வேலை பார்த்தவன். எந்த ரிசார்ட் என்று கேட்க வேண்டாம்.

அந்த முறை எப்படி வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1960களில் வந்த ஐக்கிய நாடுகள் குழுவொன்று இத்தீவுகளுக்குச் சுற்றுலா சரிப்படாது என்று சொல்லிவிட்டுப் போனது. அதற்குப் பத்தாண்டு கழிவதற்குள் இத்தாலியப் பயணிகள் சிலர் வந்தார்கள். 1972இலேயே மாலேக்கு அருகில் ஆளில்லாத தீவொன்றில் குரும்பா ரிசார்ட் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 1,190 தீவுகளில் மக்கள் வாழ்பவை 200க்கும் குறைவு என்பதால், அரசு தன் கையிலிருந்த வெறுந்தீவுகளை ஒவ்வொன்றாகக் குத்தகைக்கு விட முடிந்தது. குத்தகை எடுத்தவரே மின்சாரம், குடிநீர், கழிவுநீர், படகுத்துறை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்; அரசு சாலை போட வேண்டியதில்லை, குழாய் பதிக்க வேண்டியதில்லை. மதுவும் நீச்சலுடையும் ரிசார்ட் தீவோடு நின்றுவிடும். பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் ஊர்த்தீவில் இருக்கும். கையில் காசில்லாத, இஸ்லாமிய ஒழுக்கத்தில் விட்டுக்கொடுக்க விரும்பாத ஓர் அரசுக்கு இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு வாய்த்திருக்காது.

ஆனால், பயணியை ஊரிலிருந்து பிரித்து வைத்தால் பயணியின் பணமும் ஊரிலிருந்து பிரிந்தே இருக்கும்.

5 ஆகஸ்ட் 2025

‘பணம் எங்கே போகிறது, கொஞ்சம் விளக்குங்கள்’ என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு ரசீதைக் காட்டுகிறேன்.

ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு தம்பதி புறப்படும் காலையில் வரவேற்பு மேசையில் கையெழுத்திடும் கணக்குத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒயின் ஒரு புட்டி, ஆழ்கடல் நீச்சல், மசாஜ், பசுமை வரி எல்லாம் வரிவரியாக இருக்கும். அறை வாடகை இருக்க வேண்டிய இடத்தில் தொகையே இராது; பயண நிறுவனத்தின் வவுச்சர் எண் மட்டும் இருக்கும். அறை, உணவு, கடல் விமானம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர்கள் சில மாதங்களுக்கு முன்பே தங்கள் ஊர்ப் பயண நிறுவனத்தில் பணம் கட்டிவிட்டார்கள். அந்த நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டு, முன்னரே பேசி வைத்த மொத்தவிலையை மட்டும், அதுவும் தவணை கடந்து, ரிசார்ட்டுக்கு அனுப்பும். அனுப்பப்படும் கணக்கு மாலேயில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உரிமையாளரின் கணக்கு சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கலாம். அதிலிருந்து பன்னாட்டு விடுதிக் குழுமத்துக்குப் பெயருக்கான தொகையும் மேலாண்மைக் கட்டணமும் போகும், கடனுக்கு வட்டி போகும், வெளிநாட்டு மேலாளர்களின் சம்பளம் போகும். கடைசியில் மாலத்தீவு மண்ணை மிதிக்கும் பணம் உள்ளூர் ஊழியர் சம்பளம், டீசல் செலவு, மீன்காரருக்குக் கொடுப்பது, வரி, குத்தகை ஆகியவைதான். டீசலும் இறக்குமதிச் சரக்கு என்பதால் அதையும் கழித்துவிடுங்கள்.

இதில் திருட்டு எதுவும் இல்லை, எல்லாம் ஒப்பந்தப்படி நடப்பதுதான். அதனால்தான் இதைச் சரிசெய்வது கடினம்.

9 ஆகஸ்ட் 2025

மேலே எழுதியதைப் படித்தால், மாலே அரசு ஏமாளி என்ற எண்ணம் வரக்கூடும். அது நியாயமல்ல. வெளிநாட்டுக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வழியில்லாத ஒரு சிறிய அரசு என்ன செய்ய முடியுமோ அதை அவர்கள் செய்திருக்கிறார்கள்: கண்ணால் எண்ணக்கூடியவற்றின் மீது வரி போட்டார்கள்.

குத்தகைத் தொகை ஒரு காலத்தில் படுக்கைக் கணக்கில் இருந்தது. பிறகு நிலப்பரப்புக் கணக்குக்கு மாறியது. ரிசார்ட் இலாபத்தில் ஓடுகிறதா இல்லையா என்று யாரும் வாதாட வேண்டியதில்லை. தீவின் சதுர மீட்டர் எவ்வளவு என்று அளந்தால் போதும். 2015 நவம்பரில் பசுமை வரி வந்தது: ரிசார்ட்டில் தங்கும் ஒவ்வொருவருக்கும் இரவொன்றுக்கு 6 டாலர். அறையை என்ன விலைக்கு விற்றார்கள் என்பது அரசுக்குத் தேவையில்லை, தலையை எண்ணினால் போதும். விமான நிலையப் புறப்பாட்டுக் கட்டணமும் அப்படித்தான்: சாதாரண இருக்கைக்கு ஒரு தொகை, வணிக வகுப்புக்கு அதைவிட அதிகம், தனி ஜெட்டில் போகிறவருக்கு எல்லாவற்றையும்விட அதிகம். ஒருவர் எந்த இருக்கையில் உட்கார்ந்தார் என்பதை மறைத்துக் கணக்கெழுத எந்தத் தணிக்கையாளராலும் முடியாது.

இதற்கு மாறாக, சுற்றுலாச் சரக்கு–சேவை வரி விலையின் மீது விதிக்கப்படுகிறது. 2011இல் 3.5 சதவீதத்தில் தொடங்கி, படிப்படியாக ஏறி, 2023 ஜனவரியில் 16 சதவீதமாகி, 2025 ஜூலை முதல் 17 சதவீதமாக நிற்கிறது. வருவாயில் பெரும்பங்கு இதுதான் என்றாலும், ரிசார்ட் கையில் வாங்கும் மொத்தவிலைக்குத்தான் இந்த வரி. ஐரோப்பாவில் பயண நிறுவனம் அதன்மேல் வைத்து விற்கும் தொகையை மாலே தொட முடியாது. விகிதம் ஏற ஏற, மொத்தவிலைக்கும் விளம்பர விலைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி இன்னும் உறுத்துகிறது.

10 ஆகஸ்ட் 2025

‘பசுமை வரி 6 டாலர்தானே, ஒரு காபி விலை’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது பழைய கணக்கு. 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டுகளில் 12 டாலர். ஊர்த்தீவுகளில் உள்ள சிறிய விருந்தினர் இல்லங்களில் 6 டாலர். இருவர் ஒரு வாரம் தங்கினால் 168 டாலர். காபி விலையைப் பொறுத்தவரை, நான் வேலை பார்த்த தீவில் ஒரு காபி என்ன விலை என்று சொன்னால் நண்பர் வரியே பரவாயில்லை என்பார்.

17 ஆகஸ்ட் 2025

தூத்துக்குடியிலிருந்து மாலேக்கு இன்னும் சரக்கு போகிறதா என்று கேட்டவர்களுக்கு: ஆம், பழைய துறைமுகத்திலிருந்து மரத்தோணிகள் இன்றும் மாலேக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போகின்றன, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மட்டும் கரையோடு நிற்கும். வெங்காயம், உருளைக்கிழங்கு, கட்டுமானப் பொருள் என்று எல்லாமும் போகும். 1981ஆம் ஆண்டு வணிக உடன்பாட்டின்படி இந்தியா ஆண்டுதோறும் இன்றியமையாப் பொருள்களுக்கு ஒரு சிறப்பு ஒதுக்கீடு அறிவிக்கிறது. 2024–25க்கு அறிவிக்கப்பட்டது, அந்த ஏற்பாடு தொடங்கிய நாளிலிருந்து மிக அதிகமான அளவு. அரசியல் உறவு அடிமட்டத்தில் இருந்த அதே ஆண்டு என்பதைக் கவனியுங்கள். ஆற்று மணல் 10 இலட்சம் டன், கருங்கல் ஜல்லி 10 இலட்சம் டன், முட்டை 42 கோடிக்கு மேல். இந்தப் பொருள்களை அனுப்புவதற்கென்று குறிக்கப்பட்ட சில துறைமுகங்களுள் தூத்துக்குடியும் ஒன்று.

மணலைக் காட்டிப் பயணிகளை அழைக்கும் நாடு, கட்டடம் கட்ட மணலைக் கடல் தாண்டி வாங்குகிறது என்பது வேடிக்கையாகத் தோன்றும். பவளமணலில் உப்பு, அதில் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டால் துருப்பிடித்து வெடித்துவிடும். அதைத் தோண்டினாலோ, வந்தவர் பார்க்க வந்த கடற்கரையே காணாமல் போய்விடும்.

சரக்குப் படகு ரிசார்ட் துறையை அணையும் நேரம் கொள்முதல் பிரிவுக்குப் பரீட்சை நேரம். தக்காளிக் கூடையின் மேலடுக்கு சிவந்து மினுங்கும். கையை அடிவரை விட்டுப் பார்த்தால்தான் நசுங்கியது தெரியும். கீரைப் பெட்டிக்குள் வெப்பமானியைச் செருகிப் பார்த்து, குளிர் குறைந்திருந்தால் ‘பாதி ஏற்கப்படவில்லை’ என்று சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதே நேரத்தில் பக்கத்து ஊர்த்தீவு மீனவர் காலையில் பிடித்த சூரையைப் பனிக்கட்டியில் வைத்துக் காத்திருப்பார். அவரிடம் வாங்குவதுதான் எங்களுக்கும் எளிது, மலிவு. ஆனால் விருந்தினர் பட்டியலில் நார்வே சால்மன் இருக்கும். அது விமானத்தில் வரும். கருவாட்டுக் குழம்புக்கு மாசியை, அதாவது சூரைமீன் கருவாட்டை, அள்ளிப் போட்டு வளர்ந்த எனக்கு, மாசி விளையும் கடலின் நடுவே சால்மனுக்கு இறக்குமதித் தீர்வை கணக்குப் போட்டது சற்றுக் கூச்சமாகவே இருந்தது.

18 ஆகஸ்ட் 2025

முட்டைக் கணக்கைப் போட்டுப் பார்த்து, ‘ஆளுக்கு ஆண்டுக்கு 800 முட்டையா?’ என்று வியந்திருக்கிறார் ஒருவர். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் 5 இலட்சத்து 15 ஆயிரம் பேரால் வகுத்தால் அப்படித்தான் வரும். ஒதுக்கீடு என்பது உச்சவரம்பு; அவ்வளவும் போய்ச் சேர்ந்தது என்று பொருளல்ல. தவிர, காலை உணவு மேசையில் ஒரு தட்டில் மூன்று வகை முட்டை எடுத்து இரண்டைத் தொடாமல் போகிறவர்களை நண்பர் பார்த்ததில்லை போலும்.

30 ஆகஸ்ட் 2025

விருந்தினர் இல்லங்களை விட்டுவிட்டுப் பேசினால் படம் முழுமையாகாது. 2010க்கு முன்பின்னாக, மக்கள் வாழும் ஊர்த்தீவுகளிலும் பயணிகள் தங்கலாம் என்று விதி தளர்ந்தது. மாஃபுஷி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிறைச்சாலைக்குப் பெயர்போன அந்தத் தீவில் இன்று தெருவுக்குத் தெரு தங்குமிடம். நீச்சலுடைக்கென்று தனியாக மறைப்புக் கட்டிய கடற்கரை ஒன்று இருக்கும். ஊருக்குள் மது கிடையாது, வேண்டுவோர் சற்றுத் தள்ளிக் கடலில் நங்கூரமிட்ட படகுக்குப் போய்வருவார்கள். இவ்வளவு சிறிய தீவில் இரு உலகங்களையும் ஒரு தெருவுக்குள் அடக்கியிருப்பது சாதாரணச் சாமர்த்தியம் அல்ல.

பணத்தைப் பொறுத்தவரை இங்கே நடப்பது தலைகீழ். அறை வாடகை உள்ளூர்க்காரர் கைக்கு வருகிறது, படகு மச்சானுடையது, சாப்பாட்டுக்கடை அடுத்த வீட்டுக்காரருடையது. ரிசார்ட் பயணி ஓர் இரவுக்குச் செலவழிப்பதில் சிறு துண்டையே விருந்தினர் இல்லத்தில் தங்குபவர் ஒரு நாளில் செலவழிப்பார். ஆனால் அந்தத் துண்டில் பெரும்பகுதி தீவிலேயே நிற்கும்.

இதை எழுதியபின் முதல் குறிப்பை மறுபடி படித்தேன். பிரித்து வைத்ததைக் குறை சொன்ன நான், சேர்த்து வைத்ததன் விலையையும் சொல்ல வேண்டும். குப்பையும் கழிவுநீரும் ரிசார்ட்டில் குத்தகைக்காரரின் தலைவலி. ஊர்த்தீவிலோ ஊரின் தலைவலி. மாலே பக்கத்துக் குப்பையெல்லாம் 1990களின் தொடக்கத்திலிருந்து திலாஃபுஷிக்குத்தான் போகிறது. அது காயலைக் குப்பையால் நிரப்பியே உருவாக்கிய தீவு. பல்லாண்டு காலம் அங்கிருந்து எழுந்த புகையை மாலேக்கு வந்திறங்கிய எவரும் கண்டிருப்பார்கள். கொரோனா காலத்திலும் பிரித்து வைத்த முறைதான் காப்பாற்றியது: 2020 மார்ச் இறுதியில் மூடிய எல்லையை ஜூலை 15 அன்றே திறக்க முடிந்ததற்கு, ஒவ்வொரு ரிசார்ட்டும் தானாகவே ஒரு தனிமைப்படுத்தல் முகாமாக இருந்தது முக்கியக் காரணம்.

2 செப்டம்பர் 2025

‘இந்தியர்கள் புறக்கணித்ததும் மாலத்தீவு மண்டியிட்டது’ என்று எழுதுபவர்களுக்கு எண்களையே பதிலாக வைக்கிறேன். 2023இல் இந்தியர்கள் 2 இலட்சத்துக்கும் மேல். நாடு வாரியாக முதலிடம். 2024இல் ஏறக்குறைய 1 இலட்சத்து 30 ஆயிரம். அதே 2024இல் மொத்த வருகை 20 இலட்சத்தைத் தாண்டியது. சீனர்கள் முதலிடத்துக்கு வந்தார்கள். 2019இலும் சீனர்கள்தாம் முதலிடம். சீனா கதவடைத்த 2020இலிருந்து நான்கு ஆண்டுகள் இந்தியர்கள். ஒரு வாசல் அடைத்தால் அடுத்த வாசலுக்கு விளம்பரத்தைத் திருப்பும் வித்தையை அவர்கள் அரை நூற்றாண்டாகப் பழகியவர்கள்.

அவர்களை உண்மையில் நெருக்கியது வேறு: அந்நியச் செலாவணி. இத்தனை பயணிகள் வந்தும் நாட்டின் வங்கிகளில் டாலர் இல்லை. வங்கியில் ஒரு டாலருக்கு 15.42 ரூஃபியா, கடைத்தெருவில் அதைவிட மிக அதிகம் கொடுத்தால்தான் கிடைக்கும். ஊருக்குப் பணம் அனுப்ப எங்களூர்ப் பையன்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். 2024 அக்டோபரில் இந்தியாவின் ரிசர்வ் வங்கி 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்ற உதவி கொடுத்தது இந்த நெருக்கடியில்தான். அதே மாதம் அவர்களுடைய மத்திய வங்கி ஒரு விதி கொண்டுவந்தது: பயணி ஒருவருக்கு 500 டாலர் வீதம் ரிசார்ட்டுகள் உள்ளூர் வங்கியில் மாற்றியாக வேண்டும். பிறகு அது சட்டமானபோது, வேண்டுமானால் வெளிநாட்டு நாணய வருவாயில் 20 சதவீதம் என்ற மாற்று வழியும் சேர்ந்தது. ஆகஸ்ட் 9 குறிப்பில் சொன்னதுதான் இங்கும்: தலையை எண்ணு, டாலரைக் கேள்.

14 செப்டம்பர் 2025

இனி லட்சத்தீவு. 36 தீவுகள், மக்கள் வாழ்பவை 10, மொத்தம் 32 சதுர கிலோமீட்டர், 2011 கணக்கெடுப்பின்படி 64,473 பேர். அதாவது சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2,000 பேர். மாலத்தீவின் முறைக்கு அடிப்படை, அரசின் கையில் நூற்றுக்கணக்கான வெறுந்தீவுகள் இருந்தது. இங்கே வெறுந்தீவு என்று சொல்லப்படுபவற்றிலும் தென்னந்தோப்பு யாருடையது, பருவத்தில் மீன்பிடிக்க வந்து தங்குபவர் யார் என்று ஒரு வரலாறு இருக்கும். மக்கள் பெரும்பாலும் பழங்குடியினர். வெளியார் உள்ளே வரவே அனுமதிச்சீட்டு வேண்டும். இவற்றை ‘தடைகள்’ என்று வாசகர் நினைக்கலாம். மாலத்தீவு கடலையும் வேலியையும் கொண்டு செய்ததை இங்கே சட்டம் செய்கிறது என்று நான் பார்க்கிறேன்.

அடுத்தது தண்ணீர். பவளத்தீவில் நன்னீர் என்பது மணலுக்கடியில் உப்புநீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படலம்; கூடுதலாக இறைத்தால் கிணறு கரித்துவிடும். சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை நிறுவியது. மேற்பரப்பு நீருக்கும் ஆழ்நீருக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைக் கொண்டு இயங்குவது. நாளொன்றுக்கு 1 இலட்சம் லிட்டர். பின்னர் மினிக்காயும் அகத்தியும் அத்தகைய ஆலைகளைப் பெற்றன. அந்த 1 இலட்சம் லிட்டர் ஊர்மக்கள் குடிப்பதற்கும் சமைப்பதற்கும். வில்லாவுக்கு ஒரு நீச்சல்குளம் என்று கட்டும் ரிசார்ட்டுக்கு அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான் தண்ணீர்க் கட்டணப் பதிவேடு எழுதியவன், எனக்குத் தலை சுற்றுகிறது.

15 செப்டம்பர் 2025

‘நீர்மேல் வில்லாக்களுக்கு நிலமே வேண்டாமே’ என்கிறார் நண்பர். வில்லா காற்றில் மிதப்பதில்லை. காயலின் தரையில், பவளத்தின் இடையே தூண் ஊன்றித்தான் நிற்கும். 2023இல் டாடா குழுமத்தின் விடுதி நிறுவனம் சுஹேலி, கட்மத் தீவுகளுக்கு இரண்டு தாஜ் ரிசார்ட்டுகளை அறிவித்தபோது, சுஹேலியின் 110 அறைகளில் 50 நீர்மேல் வில்லாக்கள் என்றது. எத்தனை வரை தாங்கும் என்பதுதான் கேள்வி. அதற்காகவே உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி இரவீந்திரன் குழு, ஒவ்வொரு தீவின் தாங்குதிறனைக் கணக்கிட்டுத்தான் வளர்ச்சி என்று வலியுறுத்தியது. அந்தக் கணக்கை விளம்பரப் படத்துக்குப் பின்னால் தள்ளிவிடக் கூடாது. 1998இலும் 2016இலும் கடல் சூடேறி இப்பகுதிப் பவளங்கள் வெளுத்துச் செத்தன. தூண் ஊன்றும்போது எதன்மேல் ஊன்றுகிறோம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

5 அக்டோபர் 2025

‘குறை மட்டும் சொல்கிறீர்கள், அங்கிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லையா?’ என்று கேட்டவருக்கு: இருக்கிறது, அது ரிசார்ட் கட்டடக்கலை அல்ல, சம்பளச் சட்டம்.

மாலத்தீவில் சுற்றுலா நிறுவனங்கள் குறைந்தது 10 சதவீதம் சேவைக் கட்டணம் வசூலித்தாக வேண்டும். அதில் 99 சதவீதத்தை எல்லா ஊழியர்களுக்கும் சமமாகப் பங்கிட வேண்டும். பதவியைப் பார்க்கக் கூடாது. தலைமைச் சமையற்காரருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் ஒரே தொகை. ஊழியர் உணவுக்கூடத்துச் சுவரில் அந்த மாதத் தொகையை எழுதி ஒட்டும் நாளில் தட்டை வைத்துவிட்டு எல்லோரும் அங்கே கூடுவார்கள். கூடுபவர்களில் வங்காளதேசத்தவர், இலங்கையர், நம்மவர் எல்லோரும் இருப்பார்கள். அந்த நாட்டில் நான்கில் ஒருவர் வெளிநாட்டவர். பங்கில் ஒரு பகுதி மறுபடி வெளிநாட்டுக்குத்தான் போகிறது என்று நீங்கள் சொல்லலாம். போகட்டும், எங்கள் தெருவில் சில வீடுகளுக்கு மாடி எழும்பியது அந்தப் பணத்தில்தான்.

இதில் என்னைக் கவர்வது, விற்றுமுதலில் ஒரு பங்கை, இலாபம் எவ்வளவு என்று கேட்காமலே, தீவில் நிற்பவரின் கையில் கொண்டுசேர்க்கிறது என்பது. லட்சத்தீவில் ரிசார்ட் குத்தகை விடும்போது ஒப்பந்தத்திலேயே இந்த ஒரு விதியை எழுதி, வேலைகளில் இவ்வளவு தீவுக்காரருக்கு என்றும் எழுதிவிட்டால், அதற்கு மாலேயைப்போல அந்நியச் செலாவணிச் சட்டமெல்லாம் தேவைப்படாது. மினிக்காய்க்காரர்கள் கப்பலில் உலகம் சுற்றியவர்கள், மாலத்தீவு மொழியின் வட்டார வழக்கையே பேசுபவர்கள். அங்கு எது நடந்தது, எது நடக்கவில்லை என்று நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒப்பந்தத்தை எழுதும் மேசையில் அவர்களுக்கு இரண்டு நாற்காலி போட்டால் போதும், என்னைப்போன்ற பழைய கணக்கர்களிடம் கேட்க வேண்டியதில்லை.